மாவு மணல்

ஓடுகிற லாரியில் அடுப்பை எங்கே வைப்பது என்பது கேட்பதற்குச் சின்ன விஷயம்தான், ஐயா. யோசித்துப் பார்த்தால் மண்டை காய்ந்துவிடும். கதவோரம் வைத்தால் காற்று அணைத்துவிடும். நடுவில் வைத்தால் படுக்க இடமில்லை. டிரைவர் முதுகுக்குப் பின்னால் வைத்தால் குழம்போடு டிரைவரும் வெந்துவிடுவார். இதற்காக மட்டும் நானும் வீரமுத்துவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சண்டை போட்டோம். அடுப்பைக் கீல் வைத்த பலகையில் பூட்டி, வண்டி நின்றதும் பின்பக்கமாக வெளியே இறக்கிக்கொள்ளலாம் என்று கண்டுபிடித்தது நான்தான். அதை நீங்கள் மறக்காமல் எழுதிக்கொண்டால் சந்தோஷப்படுவேன்.

என் பெயர் செபஸ்தியன். குளுவாங் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. இந்த வாக்குமூலத்தை நேராக ஆங்கிலத்திலேயே கொடுத்திருப்பேன். தாய்மொழியில்தான் கொடுக்கவேண்டும் என்று சொல்லிவிட்டீர்கள். அதை மொழிபெயர்க்க ஜொகூர் பாருவிலிருந்து இந்த நண்பரையும் வரவழைத்திருக்கிறீர்கள். நல்ல மனிதர். ‘கீல்’ என்ற சொல்லுக்கு இப்போது கொஞ்சம் திண்டாடினார். நிதானமாகவே சொல்கிறேன், அவருக்கும் வசதியாக இருக்கும்.

வீரமுத்துவை உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து ரப்பர் ஷீட்டுகளை ரயில் நிலையத்துக்கு ஏற்றிவரும் லாரி கண்டிராக்டர். பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு, பெரிய மனசு. நான் கல்யாணம் ஆகாதவன். ஞாயிற்றுக்கிழமைச் சோறு எனக்கு அவன் வீட்டில்தான். அவன் மனைவி செல்லம் என்னை அண்ணே என்று கூப்பிடுவாள். அவன் பேசுவது மார்க்கெட் மலாய். மீன் வாங்க, ஆள் திட்டப் போதும். நில ஆபீஸ், லைசென்ஸ் என்று வந்தால் என்னைக் கூட்டிக்கொண்டு போவான். “செபஸ்தி சொன்னா கவர்மெண்டே சொன்ன மாதிரி லா,” என்பான். நான் எதைச் சொன்னாலும் மறுகேள்வி கேட்கமாட்டான்.

இந்தப் பயணம் எங்கே தொடங்கியது என்று கேட்டீர்கள். ஒரு படத்தில் தொடங்கியது. மாஜிஸ்திரேட் ஐயா படித்துவிட்டுப் போட்ட ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில், அமெரிக்காவில் ஒரு குடும்பம் வீட்டையே மோட்டார் வண்டியில் கட்டிக்கொண்டு பாலைவனத்துக்குப் போயிருந்தது. சுற்றி மணல், நடுவில் ஓர் ஏரி, கரையில் அந்த வண்டி. ஜன்னலில் திரைச்சீலை. வாசலில் அந்த அம்மாள் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். நான் அந்தப் பக்கத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தேன். சின்னப் பிள்ளை மிட்டாய்க் கடையைப் பார்ப்பது போலப் பார்த்தேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

பாலைவனத்துக்கு ஜொகூரில் எங்கே போவது என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. இருக்கிறது ஐயா. காஹாங் தாண்டி, ஜெமாலுவாங் போகும் வழியில் உள்ளே தள்ளி, கைவிட்ட ஈயச் சுரங்கம் ஒன்று. ஈயத்தை அலசி எடுத்துவிட்டு மிச்ச மணலை அங்கேயே கொட்டிவிட்டுப் போய்விட்டார்கள். கண்ணுக்கு எட்டியவரை வெள்ளை மணல். ஒரு புல் கிடையாது. தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் நின்று நீலமாக ஓர் ஏரி. முந்தின வருஷம் ஓர் எருமை வழக்கு விஷயமாகக் கோர்ட்டோடு அங்கே போயிருந்தேன். அந்த வெளிச்சம் என் கண்ணைவிட்டுப் போகவே இல்லை.

அடுத்த ஞாயிறு சாப்பாட்டில் இதையெல்லாம் சொன்னேன். எனக்கு அது எப்பேர்ப்பட்ட காரியம் என்று உங்களுக்குப் புரியவேண்டும். கோர்ட்டில் திருடன் பேசினால் நானும் ‘நான் திருடவில்லை’ என்பேன். வெட்டினவன் பேசினால் ‘நான் வெட்டினேன்’ என்பேன். பகல் முழுக்க நான், நான் என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். அந்த நான் ஒருநாளும் நானாக இருந்ததில்லை. சாயங்காலம் ஆனால் தொண்டை வறண்டு, சொந்தமாகப் பேச ஒன்றும் மிஞ்சியிருக்காது. அன்றைக்கு மட்டும் எங்கிருந்தோ வந்தது. வெள்ளை மணல், நடுவில் நீலத் தண்ணீர், காக்காய்கூடக் கத்தாத இடம், அங்கே ஒரு வீடு, அந்த வீட்டுக்குச் சக்கரம். வீரமுத்து கையில் எடுத்த சோற்றை வாயில் போட மறந்து கேட்டான்.

“அலமாக்,” என்று வியந்தான். “லாரிமேல வீடு. எப்படிடா இப்படி ஒரு யோசனை?”

“அடுப்பு இருக்குமா அண்ணே?” என்றாள் செல்லம்.

“அடுப்பு, கட்டில், ஜன்னல், கொசுவலை, எல்லாம்,” என்றேன். அன்று நான் வீட்டுக்கு நடந்து போகவில்லை, மிதந்து போனேன்.

அதற்குப் பிறகு மூன்று பேருக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது. பெக்கான் நானாஸில் அன்னாசி ஏற்றிக்கொண்டிருந்த பழைய லாரி ஒன்றை வீரமுத்து வாங்கிவந்தான். எத்தனை முறை கழுவினாலும் அன்னாசி வாசனை போகவில்லை. தெருவில் நிறுத்தினால் தேனீ வரும். “நாம எங்க போனாலும் இனிப்பா போவோம்,” என்று செல்லம் சொன்னாள். வீரமுத்துவின் பட்டறைத் தரையில் லாரியின் அளவுக்குச் சாக்பீஸால் கட்டம் போட்டோம். அந்தக் கட்டத்துக்குள் மூவரும் மாறிமாறிப் படுத்துப் பார்ப்போம். இது என் கட்டில், இது உன் கட்டில், இங்கே தண்ணீர் டின், அங்கே அரிசி. வீரமுத்து புரண்டு படுத்தால் கட்டத்துக்கு வெளியே போய்விடுவான். “ராத்திரி ஏரியில விழுந்துடுவீங்க,” என்று செல்லம் சிரிப்பாள். பட்டறையில் வேலைக்கு வந்தவர்கள் எங்களைத் தாண்டித் தாண்டிப் போவார்கள்.

பெரிய போராட்டம் அம்மிக்கல்லுக்காக. அம்மி இல்லாமல் மீன் குழம்பு வைக்கமாட்டேன் என்று செல்லம் ஒற்றைக் காலில் நின்றாள். “ஏரியில மீன் இருக்குன்னு யாரு சொன்னா?” என்றான் வீரமுத்து. “அம்மி இருந்தா மீன் வரும்,” என்றாள். அம்மி ஏறியது. ஒரு பக்கம் கனம் கூடிப்போய் லாரி சாய்ந்தது. மறுபக்கம் சரிக்கட்ட வீரமுத்து கல்லாலான பழைய மாவாட்டும் உரலையும் ஏற்றிவிட்டான். பிறகு கோழிக்கூடு. இரண்டு சக்கரங்களுக்கு நடுவே கோழியைத் தொங்கவிடுவதா, கூரைமேல் வைப்பதா என்று நாங்கள் விவாதித்த அளவுக்குக் கோர்ட்டில்கூட விவாதம் நடந்து நான் பார்த்ததில்லை.

மஞ்சள் பூப்போட்ட திரைச்சீலையை மாட்டியதும் வெள்ளோட்டம் விட்டோம். குளுவாங் திடலைச் சுற்றி வந்தோம். செல்லம் ஜன்னலில் உட்கார்ந்து எல்லோருக்கும் கை ஆட்டினாள். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் ஒருவர் யாரோ பெரிய இடம் என்று நினைத்து சல்யூட் அடித்துவிட்டார். வீரமுத்து சிரித்த சிரிப்பில் வண்டி சாக்கடையில் இறங்கப் பார்த்தது. எனக்கு வயிறு வலித்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை. இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது, மன்னிக்கவேண்டும்.

வெள்ளோட்டம் முடிந்த வாரத்தில் கண்டிராக்டர்களுக்கும் கணக்கு எழுதும் தோட்டத்துக் கிராணிகளுக்கும் வீரமுத்து வீட்டில் விருந்து வைத்தான். இலை போட்டதும் ஒருவர் வீட்டு லாரியைப் பற்றிக் கேட்டார். வீரமுத்து சொல்ல ஆரம்பித்தான். “வெள்ளை மணல், நடுவுல நீலத் தண்ணி, காக்காகூடக் கத்தாத இடம். அங்க ஒரு வீடு. அந்த வீட்டுக்குச் சக்கரம்.” நான் சொன்ன அதே சொற்கள், அதே வரிசையில். எல்லோரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். இவ்வளவு அழகான யோசனை யாருடையது என்று தங்கராஜு கிராணி கேட்டார். வீரமுத்து தன் தலையில் தட்டிக் காட்டி, “நம்ம மண்டைதான்,” என்றான்.

“அப்ப செபஸ்தியன் எதுக்கு?” என்றார் அவர்.

“அவன் கிளிப்பிள்ளை லா. நாம சொல்றத அங்க திருப்பிச் சொல்ல ஒரு ஆளு வேணும்ல. அவனா சொந்தமா ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதே இல்ல.”

எல்லோரும் சிரித்தார்கள். கேலிதான், அவன் மனசில் விஷம் கிடையாது, அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். நானும் சிரித்தேன். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் சிரித்தேன். ஆனால் எனக்கு வலித்தது ஐயா. என் வாழ்நாளில் நானாகச் சொன்னது ஒன்றே ஒன்று. அதையும் இன்னொருவன் வாயிலிருந்து கேட்டேன். அவன் சொன்னபோது அது இன்னும் நன்றாக இருந்தது.

மறுவாரம் பெயிண்டரைக் கூப்பிட்டு லாரியின் பக்கத்தில் பச்சைக்கிளி ஒன்று வரையச் சொன்னான். சிவப்பு மூக்கு, கழுத்தில் கோடு. “நம்ம செபஸ்திக்காக,” என்றான். பெயிண்டர் கையில் ஏணி இருந்ததால் பெயிண்ட் டப்பாவை நான் பிடித்துக்கொண்டேன்.

அதன்பிறகும் திட்டம் தடபுடலாக நடந்தது. என் உற்சாகம் கொஞ்சமும் குறையவில்லை. கூடியது என்றே சொல்லவேண்டும். சாக்பீஸ் கட்டத்தில் நான் ஒரே ஒரு மாற்றம் செய்தேன். ஏரிக்கு இந்தப் பக்கம் கெட்டித் தரையில், மரங்களின் நிழலில் லாரியை நிறுத்துவதாக இருந்தது. “படத்தில் வண்டி தண்ணி ஓரமா நிக்குது. நாமும் மணல்மேலேயே ஓட்டிப் போய்த் தண்ணி ஓரமா நிறுத்தலாம்,” என்றேன். காலையில் கதவைத் திறந்தால் கால் தண்ணீரில் படும் என்றேன். செல்லம் கைதட்டினாள். வீரமுத்து சாக்பீஸை எடுத்து லாரிக்கு ஒட்டினாற்போல அலை அலையாக ஏரியை வரைந்தான்.

எருமை வழக்கைப் பற்றி நான் முழுதாகச் சொல்லவில்லை. வழக்கு என்னவென்றால், ஒருவர் கடனாகக் கொடுத்த எருமையை மற்றவர் அந்த மணல்மேல் ஓட்டிப்போனார். எருமை திரும்பி வரவில்லை. அலசிக் கொட்டிய சேறு மேலே காய்ந்து வெள்ளையாகப் படிந்திருக்கும். கீழே கஞ்சி மாதிரி இருக்கும். மனிதன் நடந்தால் சிலசமயம் தாங்கும், எருமையைத் தாங்காது. மலாய்க்காரர்கள் அதைப் பாசிர் ஜெர்லுஸ் என்பார்கள். பாசிர் என்றால் மணல். ஜெர்லுஸ் மார்க்கெட்டில் புழங்கும் சொல் அல்ல. மீனும் கோழியும் வாங்கி மலாய் கற்றவர்களுக்கு அது தெரிந்திருக்காது. தமிழில் அதற்குப் புதைமணல் என்று அழகான சொல் இருக்கிறது. கோர்ட்டில் நான் ஆங்கிலத்தில் சொன்னதை மாஜிஸ்திரேட் ஐயா பாராட்டினார்.

புறப்பட்ட நாள் வெயில் இல்லாத காலை. வழியெல்லாம் பாட்டு. காஹாங்கில் நிறுத்தித் தேத்தண்ணீர் போட்டோம். என் கீல் பலகை எண்ணெய் போட்டது மாதிரி இறங்கியது, அடுப்பு துளியும் ஆடவில்லை. கூடிநின்ற கம்பத்து, அதாவது மலாய்க் கிராமத்து, ஆட்களுக்கு வீரமுத்து நெத்திலி சம்பலோடு சோறு கொடுத்தான். தெரியாதவனுக்குச் சோறு போடாமல் அவனால் அந்த இடத்தைவிட்டு நகர முடியாது. உள்பாதையில் குலுங்கிக் குலுங்கிப் போய் மரங்களைத் தாண்டியதும் அந்த வெள்ளை வெளிச்சம் முகத்தில் அடித்தது. வீரமுத்து வண்டியை நிறுத்திவிட்டான்.

“நீ சொன்னதவிட நல்லா இருக்குடா,” என்றான்.

கரையில் ஒரு குடிசை. பாக் லேமான் என்ற மலாய்ப் பெரியவர் அங்கே தூண்டில் போட்டுக் காலம் தள்ளிக்கொண்டிருந்தார். ஆகவே ஏரியில் மீனும் இருந்தது. செல்லத்துக்கு ஒரே பெருமை. விறகு கேட்டு வாங்கிவரச் சொல்லி நான் அவளை இறக்கிவிட்டேன். நானும் இறங்கினேன். இதைக் கவனிக்கவேண்டும் ஐயா. அவள்மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது; அவளுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்பதில் நான் மிகவும் கவனமாக இருந்தேன்.

லாரி மணல் பக்கம் திரும்புவதைப் பார்த்து பாக் லேமான் ஓடிவந்தார். “சானா பாசிர் ஜெர்லுஸ்,” என்று அந்தப் பக்கம் கைகாட்டிச் சொன்னார். வீரமுத்து தலையை வெளியே நீட்டினான்.

“பாசிர் தெரியும். அது என்னடா ஜெர்லுஸ்?”

“மாவு மணல்,” என்றேன். “மாவு மாதிரி நைசா இருக்குமாம். மெதுவா ஓட்டச் சொல்றாரு.”

“மாவு மணல்,” என்று அவன் ஒருமுறை சொல்லிப் பார்த்தான். அந்தச் சொல் அவனுக்குப் பிடித்திருந்தது. ஓட்டுகிறவருக்குச் சொல்லிவிட்டேன், அவர் பார்த்துக்கொள்வார் என்று பெரியவரிடம் நல்ல மலாயில் சொன்னேன். மரியாதையாகப் பேசுகிறவனை அவர் எப்படிச் சந்தேகப்படுவார்? அதற்குள் லாரி மணலில் இறங்கியிருந்தது. அம்மியும் உரலும் உள்ளே இருந்தன.

முன்சக்கரம் இரண்டும் சத்தமில்லாமல் உள்ளே போயின. வீரமுத்து ஹார்ன் அடித்தான். விளையாட்டு என்று நினைத்தானோ என்னவோ. பிறகு கதவைத் திறந்து வெளியே குதித்தான். இடுப்புவரை போய்விட்டது. அப்போதும் பாதிச் சிரிப்போடுதான் என்னைப் பார்த்தான். பாக் லேமான் அவனிடம் பேசவில்லை, என்னிடம் திரும்பினார். எங்களில் யார் வாய் என்பது அதற்குள் அவருக்குத் தெரிந்துவிட்டிருந்தது. மல்லாக்கப் படுக்கச் சொல், கையை விரிக்கச் சொல், காலை உதைக்கவே கூடாது, நான் பலகை கொண்டுவருகிறேன் என்று மடமடவென்று சொல்லிவிட்டுக் குடிசைக்கு ஓடினார்.

“செபஸ்தி, என்னடா சொல்றாரு?”

அவனுக்குத் தெரிந்த மலாயெல்லாம் அந்த நேரத்தில் போய்விட்டது. பயம் வந்தால் எல்லோருக்கும் அப்படித்தான், நான் கோர்ட்டில் நிறையப் பார்த்திருக்கிறேன். செல்லம் விறகைப் போட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“காலை ஊன்றி உதைச்சு உதைச்சு வரச் சொல்றாரு,” என்றேன்.

உதைத்தான் ஐயா. முழு மூச்சோடு உதைத்தான். நான் எதைச் சொன்னாலும் அவன் மறுகேள்வி கேட்டதில்லை. பலகை வந்துசேர்ந்தபோது மஞ்சள் திரைச்சீலையும் கிளியின் மூக்கும் மட்டும் மணலுக்கு மேலே தெரிந்தன. செல்லம் அந்தப் பக்கம் பாயப் போனாள். நான்தான் பிடித்து நிறுத்தினேன். அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், நானும் அழுதேன். அது நடிப்பல்ல. எனக்கு இருந்தது ஒரே சிநேகிதன்.

விபத்து என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மரண விசாரணை குளுவாங்கில் எங்கள் கோர்ட்டிலேயே நடந்தது. அன்றைக்கு வேறு மொழிபெயர்ப்பாளர் கிடைக்கவில்லை. நான் சம்பந்தப்பட்டவனாயிற்றே என்று மாஜிஸ்திரேட் ஐயா கொஞ்சம் தயங்கினார். பிறகு, செபஸ்தியன்தானே, பரவாயில்லை என்றார். வழக்கம்போல வேதப் புத்தகத்தைக் கையில் எடுத்து, கூட்டாமல் குறைக்காமல் உள்ளதை உள்ளபடி மொழிபெயர்ப்பேன் என்று சத்தியம் செய்துவிட்டு நின்றேன்.

பாக் லேமான் முதலில் பேசினார். நான் மொழிபெயர்த்தேன். ‘அங்கே புதைமணல் என்று எச்சரித்தேன். மல்லாக்கப் படுக்கவேண்டும், காலை உதைக்கக்கூடாது என்று இதோ நிற்கும் இவரிடம் சொல்லச் சொன்னேன்.’

செல்லம் பிறகு வந்தாள். “அங்க மாவு மணலுன்னு அண்ணன் சொன்னாங்க. அப்புறம் அந்தப் பெரியவரு காலை உதைச்சு வரச் சொல்றாருன்னு சொன்னாங்க. இவரு உதைச்சாரு.” அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. அந்தக் கிழவருக்குப் புத்தி கெட்டுப்போய்த் தப்பாகச் சொல்லிவிட்டார் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அவள் சொன்னதையும் அப்படியே மொழிபெயர்த்தேன்.

மாஜிஸ்திரேட் ஐயாவின் பேனா நின்றது. அவர் நிமிர்ந்து வெகுநேரம் என்னைப் பார்த்தார். அந்த அறையில் மலாயும் தமிழும் சேர்த்து அறிந்தவன் நான் ஒருவன்தான். பெரியவர் சொன்ன ‘உதைக்கக்கூடாது’ என்பதில் ‘கூடாது’வை மட்டும் விழுங்கிவிட்டிருந்தால் இன்றைக்கு நான் உங்கள்முன் உட்கார்ந்திருக்கமாட்டேன். ஏன் மாற்றவில்லை என்று ஜெயிலில் எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. என் உத்தியோகத்தில் நான் ஒரு சொல்லைக்கூட மாற்றிச் சொன்னதாக யாரும் விரல் நீட்ட முடியாது.

ஆகவே, ஆமாம், வீரமுத்துவைக் கொன்றது நான்தான், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் நான் பொய்யன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஏரிக்கரையில் என்னிடம் யாரும் சத்தியம் வாங்கவில்லை.